தேவாலயத்திலும் கடற்கரையிலும் ஒலித்தவை: இடைக்கால ஐபீரியப் பாடல்கள் பற்றிய கேள்வி பதில்

ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து இடைக்காலப் பாடல்களை எங்கோ தற்செயலாகக் கேட்டுவிட்டு மேலும் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பக்திப் பாட்டு ஒரு பக்கம், காதல் பாட்டு இன்னொரு பக்கம் என்று பிரித்துத்தான் இவற்றை வழக்கமாக அறிமுகம் செய்கிறார்கள். பாடியவர்களுக்கு அந்தப் பிரிவு அவ்வளவு கெட்டியாக இருக்கவில்லை என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

எந்தக் காலம், எந்த மொழிகள்?

711இல் முஸ்லிம் படைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வந்ததற்கும் 1492இல் கிரனாடா வீழ்ந்ததற்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் இங்கே பெரும்பாலும் பேசுகிறோம். அதற்கு முந்தைய விசிகோத் அரசர் காலத்துத் தேவாலய இசையும் கொஞ்சம் வரும். மொழிகள் பல. வழிபாட்டுக்கு லத்தீன், தெற்கில் அரபு, யூதர்களிடம் ஹீப்ரு, மேற்கில் கலீசிய-போர்த்துகீசியம், கிழக்கில் கட்டலானும் ஒக்சிதானும், நடுவில் காஸ்டிலியம். ஒரே ஆள் இவற்றில் மூன்று மொழிகளைக் கேட்டு வளர்ந்திருப்பது அங்கே சாதாரண விஷயம்.

ஒரே ஒரு கவிஞரைக் கேட்க நேரம் இருக்கிறது. யாரைக் கேட்கலாம்?

மார்த்தின் கோடாஷ். 13ஆம் நூற்றாண்டு, ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவின் கடற்கரை. அவர் பெயரில் ஏழே பாடல்கள் இருக்கின்றன. ஏழிலும் பேசுவது ஒரு பெண். வீகோ என்ற ஊரின் கடலோரத்தில் நின்று, என் காதலனைப் பார்த்தீர்களா, அவன் சீக்கிரம் வருவானா என்று அலைகளைக் கேட்கிறாள். இன்னொரு பாட்டில், காதலிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னோடு கடலில் குளிக்க வாருங்கள் என்று தோழியரைக் கூப்பிடுகிறாள். மற்றொன்றில் அவன் உயிரோடு வருகிறான் என்ற செய்தி கிடைத்துவிட்டது. அம்மாவிடம், நான் வீகோவுக்குப் போகிறேன் என்கிறாள். அவ்வளவுதான். கதை கிடையாது, வர்ணனை கிடையாது.

பாட்டின் கட்டுமானம் எளிமையானது. ஒரு சரணத்தில் இரண்டு அடி, பிறகு பல்லவி. அடுத்த சரணம் அதே சேதியை ஈற்றில் ஒரு சொல்லை மட்டும் மாற்றித் திரும்பச் சொல்லும். முதல் சரணத்தின் இரண்டாம் அடி மூன்றாம் சரணத்தின் முதல் அடியாக வரும். இரண்டாம் சரணத்தின் இரண்டாம் அடி நான்காவதைத் தொடங்கிவைக்கும். நம் அந்தாதியை ஒன்று விட்டு ஒன்றாகத் தொடுத்ததைப் போல என்று சொன்னால் சட்டென்று புரியும். படிக்கும்போது கூறியது கூறலாகத் தோன்றும். பாடிக் கேட்டால் அலை வந்து போவது தெரிகிறது. ஒரு சொல் மாறும்போது அவளுடைய ஏக்கம் ஒரு படி ஏறுகிறது.

பெண் குரலில் அமைந்த இந்த வகைக்கு 'கான்டிகா தே அமிகோ' என்று பெயர். சுமார் 500 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. பெயர் தெரிந்த கவிஞர்கள் எல்லாரும் ஆண்களே. ஆண் தன் குரலில் பாடும் காதல் பாட்டும், ஆளை வைத்து ஏசும் வசைப்பாட்டும் இதே மரபின் மற்ற இரண்டு பெரிய வகைகள்.

அந்த ஏழு பாடல்களின் மெட்டு எப்படிக் கிடைத்தது?

ஒரு புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து. மத்ரித்தில் பெத்ரோ விந்தேல் என்ற பழைய புத்தக வியாபாரி, முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, பழைய ரோமின் சிந்தனையாளர் கிகரோ கடமைகள் பற்றி எழுதிய நூலின் கையெழுத்துப் படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கட்டுக்குள் ஒரு தோல் ஏடு ஒட்டியிருந்தது. அதில் கோடாஷின் ஏழு பாடல்கள். ஆறுக்கு இசைக்குறிப்பும் இருந்தது. ஆறாவது பாட்டுக்கு மட்டும் கோடுகள் போட்டு, சுரங்களை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். வீகோவில், கோயில் முன்றிலில் அவள் ஆடும் பாட்டு அது. அந்த மெட்டு போய்விட்டது. இன்று யார் அதைப் பாடினாலும் மற்ற ஆறில் ஒன்றின் மெட்டையோ, தாங்களே அமைத்த ஒன்றையோதான் பாடுகிறார்கள்.

அந்த ஏடு இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. 2017இல் ஒரு கண்காட்சிக்காக வீகோவுக்கு எடுத்து வந்தார்கள்.

போர்ச்சுகல் அரசர் தினிஸின் ஏழு காதல் பாடல்களும் இதே போலத்தான் கிடைத்தன. 1990இல் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில், ஒரு பத்திரப் பதிவு நூலுக்கு உறையாகச் சுற்றியிருந்த கிழிந்த ஏட்டில் இசைக்குறிப்போடு ஹார்வி ஷேரர் என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். கலீசிய-போர்த்துகீசிய மொழியில் உலகியல் பாடல்கள் ஏறத்தாழ 1,680 இருக்கின்றன. மெட்டோடு எஞ்சியவை இந்தப் பதின்மூன்றுதான்.

ஏன் இப்படி? பக்திப் பாடல் நூல்களை அரசரும் மடங்களும் தங்க முலாமும் ஓவியமுமாக ஆக்கிப் பூட்டிக் காத்தார்கள். காதல் பாட்டின் ஏடு பழசானதும் அட்டை ஒட்டப் போனது. இன்று இசைத்தட்டுகளில் பக்திப் பாடல்கள் அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காலத்து மக்கள் அதிகம் பாடியது பக்திப் பாட்டைத்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது.

அல்ஃபோன்சோ அரசர் 400க்கு மேற்பட்ட பாடல்களைத் தானே எழுதினாரா?

எல்லாவற்றையும் அவரே எழுதியிருக்க வாய்ப்பில்லை. காஸ்டிலின் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ 1252 முதல் 1284 வரை ஆண்டவர். 'சாந்தா மரியாவின் கான்டிகாக்கள்' என்ற சுமார் 420 பாடல்களின் தொகுப்பு அவருடைய அரசவையில் கவிஞர், இசைஞர், ஓவியர் எல்லாரும் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அவர் பெயருக்கு மட்டும் நிற்கவில்லை. தன்மையில் பேசும் பாடல்கள் பல இருக்கின்றன. அவற்றில் அவருடைய குரல் உண்மையாகவே கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன். சட்டமும் வரலாறும் வானியலும் எழுத காஸ்டிலிய மொழியைப் பயன்படுத்தியவர், பாட்டுக்கு மட்டும் கலீசிய-போர்த்துகீசியத்துக்குப் போனார். அந்த நாட்டில் கவிதை பாடும் மொழி அதுதான்.

பெரும்பாலானவை மாதா செய்த அற்புதங்களின் கதைகள். ஒவ்வொரு பத்தாவது பாட்டும் கதை இல்லாத புகழ்ப் பாட்டு. கதைகள் சுவையானவை. ஒரு பாணன் பிரான்சின் ரோகமடோர் கோயிலில் மாதா சிலைக்கு முன் வியோலா என்ற வில் வாத்தியத்தை வாசித்து, என் வாசிப்பு பிடித்திருந்தால் ஒரு மெழுகுவர்த்தி கொடு என்று கேட்கிறான். மெழுகுவர்த்தி இறங்கி வந்து வியோலாவின் மேல் அமர்கிறது. இது ஏதோ மாயவித்தை என்று ஒரு துறவி அதைப் பிடுங்கிப் பழைய இடத்தில் வைக்கிறார். அது மறுபடியும் இறங்குகிறது. இன்னொரு பாட்டில், சொர்க்கத்து இன்பம் எப்படி இருக்கும் என்று கேட்ட துறவி ஒரு பறவையின் பாட்டில் லயித்து உட்கார்ந்துவிட, எழுந்து வரும்போது 300 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. 209ஆம் பாட்டு அரசரின் சொந்த அனுபவம். வித்தோரியா நகரில் நோயில் படுத்திருந்தபோது மருத்துவர்கள் சூடான துணி வைக்கச் சொன்னார்கள். அவர் அதை மறுத்து இந்தப் பாடல் நூலைக் கொண்டுவரச் சொல்லி உடம்பின் மேல் வைத்துக்கொண்டார், வலி நின்றது என்கிறது பாட்டு.

இவற்றில் அரசர் தன்னை மாதாவின் பாணன் என்று அழைத்துக்கொள்கிறார். மற்றக் காதல்களை எல்லாம் பேய்க்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார். சீமாட்டியைப் பாடும் காதல் கவிஞனின் சொற்களே அப்படியே மாதாவுக்கு வந்துவிடுகின்றன. இதே அரசர்தான் கூச்சமில்லாத வசைப்பாட்டுகளும் எழுதினார். காதிஸ் தேவாலய அதிகாரி ஒருவர் காமக் கலை நூல்களைப் படித்துப் பெண்களை வசப்படுத்துகிறார் என்று ஒரு பாட்டு. அச்சில் முழுசாகத் தரத் தயங்குவார்கள். இரண்டையும் ஒரே அவையில், ஒரே மொழியில் பாடினார்கள்.

தன் உயிலில், தான் புதைக்கப்படும் தேவாலயத்தில் இந்த நூல்களை வைத்து, மாதாவின் திருநாள்களில் பாட வேண்டும் என்று எழுதிவைத்தார். இன்று நான்கு கையெழுத்து நூல்கள் மிஞ்சியிருக்கின்றன: இரண்டு மத்ரித்துக்கு அருகே எஸ்கொரியால் மடத்தில், ஒன்று மத்ரித் தேசிய நூலகத்தில், ஒன்று ஃபிளாரன்ஸில். ஃபிளாரன்ஸ் நூல் பாதியில் நின்றுபோனது. இசைக்கோடுகள் காலியாகவே கிடக்கின்றன.

இவை அரபு இசையிலிருந்து வந்தவையா?

இந்தச் சண்டை நூறாண்டாக நடக்கிறது. 1922இல் ஹுலியான் ரிபேரா என்ற ஸ்பானிய அறிஞர், கான்டிகாக்களின் இசை அரபு இசைதான் என்று எழுதினார். பின்னால் எல்லா மெட்டுகளையும் பதிப்பித்த இஜினியோ அங்கிலெஸ் அதை ஏற்கவில்லை.

பாட்டின் அமைப்பைப் பார்த்தால் ரிபேரா பக்கம் நியாயம் இருக்கிறது. முதலில் பல்லவி, பிறகு ஒரே எதுகையில் மூன்று அடிகள், நான்காவது அடி பல்லவியின் எதுகைக்குத் திரும்பி வரும், மறுபடி பல்லவி. அந்தலுசியாவின், அதாவது முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினின், 'ஸஜல்' பாட்டின் அச்சு அதே. பிரான்சிலும் இதை ஒத்த வடிவம் இருந்தது, ஆனால் கான்டிகாக்களில் இது வருகிற அளவைப் பார்த்தால் அண்டை வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மெட்டு வேறு விஷயம். அந்தக் காலத்து அந்தலுசிய இசை குறிப்பெழுதி வைக்கப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தட்டில் ஒன்றும் இல்லாதபோது, மெட்டும் அரபுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆட்கள் கலந்து வாசித்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. எஸ்கொரியால் நூலின் ஓவியம் ஒன்றில் ஒரு முஸ்லிம் கலைஞரும் ஒரு கிறிஸ்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அல்ஃபோன்சோவின் மகன் நான்காம் சாஞ்சோவின் அரண்மனைக் கணக்கில், கிறிஸ்தவக் கலைஞர்களுக்கு ஏறக்குறைய சமமான எண்ணிக்கையில் முஸ்லிம் கலைஞர்களும், ஒரு யூதரும் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

முவஷ்ஷஹ், ஸஜல், கர்ஜா: இவை என்ன?

முவஷ்ஷஹ் என்பது இலக்கிய அரபில் சரணங்களாக எழுதிய பாட்டு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோர்தோபாவுக்குத் தெற்கே கப்ரா என்ற ஊர்க்காரர் தொடங்கிவைத்தார் என்பது மரபு. ஸஜல் அதன் பேச்சு மொழித் தம்பி. ஸஜலின் பெரிய புலவர் கோர்தோபாவின் இப்ன் குஸ்மான், 1160இல் இறந்தவர். மது, காதல், கடன், பரிசில் என்று தெருவில் பேசும் அரபில் பாடினார். அவருடைய தொகுப்பு ஒரே ஒரு கையெழுத்துப் படியில் பிழைத்து இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது.

கர்ஜா என்பது முவஷ்ஷஹின் கடைசி அடிகள். அங்கே மட்டும் மொழி இறங்கி வரும்: பேச்சு அரபாக இருக்கலாம், அல்லது லத்தீனிலிருந்து கிளைத்து அந்த ஊர் மக்கள் பேசிய 'ரோமானிய' மொழியாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு பெண் பேசுவாள்: அம்மா, நான் என்ன செய்வேன், அவன் வாசலில் நிற்கிறானே என்கிற மாதிரி. 1948இல் சாமுவேல் ஸ்டெர்ன் என்ற ஆய்வாளர், யூதப் புலவர்களின் ஹீப்ரு முவஷ்ஷஹ்களில் ஹீப்ரு எழுத்தில் மறைந்திருந்த இத்தகைய ரோமானிய அடிகள் இருபதை வெளியிட்டார். ஸ்பெயினின் இலக்கிய வரலாற்றை அப்போது திருப்பி எழுத வேண்டியதாயிற்று. கோடாஷ் பாடும் பெண்ணுக்கும் இவளுக்கும் உறவு உண்டா? நேர் வழியைக் காட்ட முடியவில்லை. ஆனால் அம்மாவிடம் காதலைச் சொல்லும் பெண்களின் பாட்டு, எழுதி வைக்கப்படும் முன்பே அந்த மண்ணில் எங்கும் இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒன்று. இந்த வடிவங்கள் கடவுளுக்கும் போயின. கிரனாடாவுக்கு அருகில் பிறந்து 1269இல் இறந்த சூஃபி அஷ்ஷுஷ்தரி, மதுக்கடை ஸஜலின் சொற்களை வைத்தே இறைக் காதலைப் பாடினார். வட ஆப்பிரிக்க சூஃபி கூட்டங்களில் அவை இன்றும் ஒலிக்கின்றன. யூதப் புலவர்களும் முவஷ்ஷஹ் வடிவத்தை அப்படியே வழிபாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஸிர்யாப்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தாரா?

பாக்தாத் பக்கமிருந்து 822இல் கோர்தோபா வந்து பெரிய புகழ் பெற்ற பாடகர் அவர். 'ஊத்' என்ற தந்தி வாத்தியத்துக்கு ஐந்தாவது தந்தி சேர்த்தார் என்பார்கள். ஆடை, உணவு, தலைமுடி என்று எல்லாவற்றையும் அவர் பெயரில் ஏற்றும் கதைகளுக்கு முக்கிய மூலம் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரி. பல நூறாண்டுகள் கழித்து எழுதியது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பழைய ஸ்பானியத் தேவாலய இசையை ஏன் யாரும் பாடுவதில்லை?

பாட முடியாது. இது எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய துக்கம். விசிகோத் காலத்திலிருந்து வந்த ஸ்பானிய வழிபாட்டு முறைக்குத் தனிப் பாடல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 10ஆம் நூற்றாண்டு லெயோன் தேவாலய நூலைத் திறந்தால் பக்கம் பக்கமாக அழகான இசைக்குறிகள். ஆனால் அவை குரல் ஏறுகிறது, இறங்குகிறது, வளைகிறது என்று மட்டும் சொல்கின்றன. எவ்வளவு ஏறுகிறது என்று சொல்வதில்லை. மெட்டைத் தெரிந்தவருக்கு நினைவூட்ட அது போதும்.

சரி, தெரிந்தவர்கள் எங்கே போனார்கள்? ரோமின் அழுத்தத்தில் லெயோன்-காஸ்டில் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ 1080இல் புர்கோஸ் திருச்சபை மன்றத்தில் ரோமானிய முறைக்கு மாற ஒப்புக்கொண்டார். பாடுகிறவர்கள் ஒரு தலைமுறை நின்றதும் திறவுகோல் தொலைந்தது. தெளிவான குறிப்புக்குப் பெயர்த்து எழுதப்பட்டதால் பிழைத்தவை இருபது சொச்சம் மெட்டுகள்தான். செவில்லாவின் ஆயர் இசிதோர், 636இல் இறந்தவர், ஒலியை எழுத முடியாது, மனிதர் நினைவில் வைக்காவிட்டால் அது அழிந்துவிடும் என்று எழுதியிருந்தார். அவருடைய சொந்தத் திருச்சபையின் பாட்டுக்கே அது நடந்தது. 1500 வாக்கில் கர்தினால் சிஸ்னெரோஸ் தொலேதோவில் இந்த வழிபாட்டுக்குத் தனிச் சிற்றாலயம் அமைத்தார். அங்கே வழிபாடு இன்றும் நடக்கிறது. ஆனால் மெட்டுகளைப் பழைய நூல்களின் மெட்டுகளாக எடுத்துக்கொள்ள முடியாது.

கோயிலுக்குள் ஆடினார்களா?

ஆடினார்கள். மொன்செராத் மடத்தின் 'சிவப்புப் புத்தகம்' அதை வெளிப்படையாகச் சொல்கிறது. பார்சிலோனாவுக்கு அருகே மலை மேல் இருக்கும் இந்த மடத்தின் கறுப்பு மாதாவைப் பார்க்க யாத்திரிகர்கள் குவிவார்கள். இரவு முழுக்கக் கோயிலில் கண்விழிப்பார்கள். விழித்திருக்கப் பாட வேண்டும், ஆட வேண்டும். கோயிலுக்குள்ளும் பகலில் முற்றத்திலும் அவர்கள் பாடியது மடத்துக்காரர்களுக்கு ஒப்பவில்லை போலும். தடை போடுவதற்குப் பதிலாக, கண்ணியமான, பக்தியான பாடல்களை இங்கே எழுதிவைக்கிறோம் என்று குறிப்புப் போட்டுப் பாடல்களைக் கொடுத்தார்கள். மக்களை அறிந்தவர்கள் செய்த வேலை.

1399ஐ ஒட்டித் தொகுத்தது. பத்துப் பாடல்கள், இரண்டு மக்கள் பேசும் மொழியில், மற்றவை லத்தீனில். சிலவற்றின் மேல், வட்டமாகக் கைகோத்து ஆடுவதற்கு என்றே எழுதியிருக்கிறது. எளிதில் மனத்தில் நிற்கும் மெட்டுகள். ஒருவர் தொடங்க மற்றவர் பின்னால் அதையே பிடித்துக்கொண்டு வரும் பாட்டுகளும் உண்டு. கடைசிப் பாட்டு, சாவை நோக்கி விரைகிறோம், பாவத்தை விடுவோம் என்பது. அதன் தாளமும் கால்களை இழுக்கும் தாளம்தான்.

1811-12இல் நெப்போலியன் படைகள் மடத்தை எரித்தபோது நூலகமும் போயிற்று. இந்தப் புத்தகத்தை 1806இல் ஒரு பிரபு இரவல் வாங்கிப் போயிருந்ததால் தப்பியது. 1885இல்தான் திரும்பி வந்தது. சிவப்பு வெல்வெட் உறை 19ஆம் நூற்றாண்டில் போட்டது.

பெண்கள் பாடினார்களா, அல்லது பெண்களைப் பற்றிப் பாடினார்களா?

பாடினார்கள். அந்தலுசிய அரண்மனைகளில் 'கியான்' என்ற பாட்டுப் பயின்ற அடிமைப் பெண்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான அடிகள் மனப்பாடமாக இருக்கும், பெரும் விலைக்கு விற்கப்பட்டார்கள். அந்த இசையின் பெரும் பகுதியைச் சுமந்தவர்கள் அவர்கள் என்பதைச் சொல்லாமல் அதன் நயத்தை மட்டும் புகழ்வது நியாயமில்லை. கிறிஸ்தவ அரசவைகளில் 'சோல்தாதெய்ரா' எனப்பட்ட ஆடல் பாடல் பெண்கள். அஜுதா என்ற பழைய கலீசிய-போர்த்துகீசியப் பாடல் தொகுப்பின் ஓவியங்களில் அவர்களைக் காணலாம். மரியா பெரெஸ் பால்தெய்ரா என்பவரைக் கவிஞர்கள் ஏசிய பாட்டுகள் இருக்கின்றன. அவர் என்ன பாடினார் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

புர்கோஸ் நகரின் லாஸ் உவெல்காஸ் கன்னியர் மடம் இன்னொரு உலகம். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த அவர்களுடைய நூலில் 186 பாடல்கள். அவற்றில் முக்கால் பங்கு இரண்டு, மூன்று குரல்கள் சேர்ந்து பாடுவது. கன்னியரை விளித்து, குரலைப் பழகச் சொல்லும் சுரப் பயிற்சி ஒன்றும் உள்ளது. அரசர்களுக்கும் மடத்துத் தலைவி ஒருவருக்கும் ஒப்பாரிப் பாட்டும் உண்டு. நூல் இன்னும் அதே மடத்தில்தான் இருக்கிறது.

ஒலிப்பதிவுகளில் கேட்கும் மத்தளமும் குழலும் அந்தக் காலத்தவையா?

வாத்தியங்கள் அந்தக் காலத்தவை; சேர்த்த விதம் இந்தக் காலத்தது. எஸ்கொரியால் நூலின் ஓவியங்களில் ஊத், ரெபெக், வியோலா, சால்டரி, பைக்குழல், மணிகள் எல்லாம் இருக்கின்றன. 1188ஐ ஒட்டிச் சிற்பி மத்தேயோ அமைத்த சாந்தியாகோ தேவாலய வாசலில் முதியவர்கள் கையில் வாத்தியங்களோடு கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் சேர்ந்து வாசிக்கும் பெரிய சக்கர வாத்தியம்கூட அங்கே உண்டு. ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்த வாத்தியம் என்று எந்த நூலும் சொல்லவில்லை. தாளத்தைக்கூடப் பல பாடல்களில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே கான்டிகாவை ஒரு குழு நடனமாகவும் இன்னொரு குழு மெதுவான தோத்திரமாகவும் பாடினால் குழம்ப வேண்டாம். கோடாஷை மட்டும் தனிக் குரலில் பாடியதைத் தேடிக் கேளுங்கள். மேளதாளம் வந்தால் அந்தப் பெண் காணாமல் போகிறாள்.

செஃபார்திப் பாடல்கள் இடைக்காலத்தவைதானே?

பாதி. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள், அதாவது செஃபார்திகள், கதைப்பாடல்களின் சொற்களை மொராக்கோவுக்கும் துருக்கிக்கும் கொண்டுபோனார்கள். சிலவற்றின் வேர் உண்மையாகவே பழையது. மெட்டுகள் போன இடத்தில் மாறின. இன்று இடைக்காலம் என்று விற்கப்படும் பல பாட்டுகள் 19, 20ஆம் நூற்றாண்டில் உதுமானிய நகரங்களில் பிறந்தவை. அதனால் அவற்றின் அழகு குறைந்துவிடாது. உறையில் போடும் காலம்தான் தவறு.

நேரில் போய்க் கேட்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மயோர்க்கா தீவின் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் முந்தின இரவு, ஒரு சிறுவனோ சிறுமியோ கையில் வாள் ஏந்தி, உலக முடிவை அறிவிக்கும் சிபில்லா என்ற குறிசொல்லும் பெண்ணின் பாட்டைத் தனியாகப் பாடுவார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஸ்பெயினின் எல்சே நகரின் பசிலிக்கா தேவாலயத்தில் ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் மாதாவின் விண்ணேற்பு நாடகம் முழுக்கப் பாட்டாகவே நடக்கும். வானதூதர் கூரையின் குவிமாடத்திலிருந்து கயிற்றில் இறங்கி வருவார். அந்தலுசிய இசைக்கு மொராக்கோவின் ஃபெஸ், அல்ஜீரியாவின் த்லெம்சென் போன்ற நகரங்களுக்குப் போக வேண்டும். அங்கே அதன் நூபாக்களை, அதாவது தொடர்ச்சியாகப் பாடும் பாடல் கோவைகளை, இன்னும் குரு வாயிலாகக் கற்கிறார்கள். ஐநூறு ஆண்டுப் பயணத்தில் மாறியிருக்கும்தான். எல்சேக்குப் போகிறவர்கள் கவனியுங்கள், ஆகஸ்டில் அங்கே வெயில் கடுமை.